உட்டிலா: அலையாத்திக் காட்டு இகுவானாவைத் தேடி

ஞாயிறு, லா செய்பா

ஹோண்டுராஸின் வடகரையில் இருக்கும் இந்த ஊருக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தேன். பின்னால் பீக்கோ போனிட்டோ மலை, தலையில் மேகம். முன்னால் கரீபியன் கடல். நாளைக் காலை படகு. இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உட்டிலா தீவுக்குப் போகிறேன்.

உட்டிலா என்றால் எல்லோருக்கும் டைவிங் ஞாபகம் வரும். திமிங்கலச் சுறா பார்க்க வருகிறவர்களும் நிறைய. எனக்கு வேலை கரையில்தான். நான் தேடுவது உட்டிலா முள்வால் இகுவானா என்னும் பெரிய பல்லி, அறிவியல் பெயர் டீனோசாரா பேக்கரை. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. தீவே 41 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் இந்த விலங்கு வாழ்வது சுமார் 8 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டில். அழியும் நிலையில் மிக ஆபத்தில் இருக்கும் உயிரினம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வகைப்படுத்தியிருக்கிறது.

இரவுக்குத் தெருவோரக் கடையில் பலெயாதா. கோதுமை மாவில் தட்டிய தோர்த்தியா, உள்ளே மசித்த சிவப்பு பீன்ஸ், சீஸ், புளிப்பான பாலாடை. சூடாக மடித்துக் கையில் கொடுத்தார் கடைக்கார அம்மா. இரண்டு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன்.

திங்கள், உட்டிலா ஊர்

படகில் சுமார் ஒரு மணி நேரம். அலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மேல்தளத்தில் காற்று நன்றாக இருந்தது. இறங்கியதும் ஒரே நீளத் தெரு. டைவிங் கடைகள், மரவீடுகள், இடுக்கு இடுக்காகப் போகும் டுக்டுக்குகள். தீவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசுவது அவர்களுக்கே உரிய ஆங்கிலம், கடையில் ஸ்பானிஷ். 1830களில் கேமன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கே உண்டு. 1861 வரை இது பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது, அப்புறம்தான் ஹோண்டுராஸுக்கு வந்தது. விலங்குகளுக்கும் அவர்கள் வைத்த பெயர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

தங்கியிருக்கும் வீட்டின் பின்சுவரிலேயே ஒரு பெரிய இகுவானா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் கறுப்புப் பட்டைகள், முதுகில் சீப்புப் பல் மாதிரி முள்வரிசை. நான் தேடி வந்தது இது இல்லை. இது கறுப்பு முள்வால் இகுவானா, டீனோசாரா சிமிலிஸ். மெக்சிகோ தொடங்கி பனாமா வரை பரவியிருக்கும் இனம். மணிக்கு 34.9 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு இருக்கிறது, பல்லி வகைகளில் அதற்கு மேல் வேகம் யாரும் அளந்ததில்லை. ஒரு நாய் குரைத்ததும் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது அந்தக் கணக்கை நம்பத்தான் வேண்டியிருந்தது.

தீவில் இகுவானா மூன்று வகை. மேட்டில், வீட்டோரத்தில், குப்பை மேட்டில் எங்கும் இருக்கும் இந்தக் கறுப்பன்; இவனை ஹைலேண்டர் என்கிறார்கள். மரத்தின் உச்சியில் இருக்கும் பச்சை இகுவானா. மூன்றாவது, சதுப்பில் வாழும் ஸ்வாம்பர். அதுதான் பேக்கரை.

அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த லெயோன்ஹார்ட் ஸ்டெய்னெகர், 1901இல். அப்போது வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையின் பொறுப்பாளராக இருந்த ஃபிராங்க் பேக்கரின் நினைவாக அந்தப் பெயர். பக்கத்துத் தீவான ரோட்டானில் இருக்கும் இகுவானாவையும் நெடுநாள் இதே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள். 1987இல் அது தனி இனம் என்று தெளிவாயிற்று. அதனால் பேக்கரையின் உலகம் மேலும் சுருங்கி, இந்த ஒரு தீவோடு நின்றுவிட்டது.

செவ்வாய், கால்வாய்

இன்று முழுக்க அலையாத்திக் காடு. எழுத நிறைய இருக்கிறது.

உட்டிலாவின் கிழக்குப் பக்கம் எரிமலைப் பாறையில் எழுந்த மேடு, பம்ப்கின் ஹில் என்னும் சின்னக் குன்று அங்கேதான். மற்றபடி தீவின் பெரும்பகுதி சதுப்பு. ஊருக்குப் பக்கத்து உப்பங்கழியிலிருந்து ஒரு ஒடுக்கமான கால்வாய் காட்டைக் கிழித்துக்கொண்டு வடகரைப் பக்கம் போகிறது. அதில் துடுப்புப் படகில் என்னை அழைத்துப்போனவர் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். இளவயதில் இகுவானா பிடித்தவர், இப்போது காட்டைக் காட்டுகிறவர். ஒரு மரத்தை நாம் பார்ப்பதற்கும் அவர் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பிச்சாவரம் போனவர்களுக்கு இந்தக் காடு பழகிய காடு மாதிரியே இருக்கும். தண்ணீர் விளிம்பில் முட்டுக்கால் போட்டு நிற்பது சிவப்பு அலையாத்தி, நம் சுரபுன்னையின் இனம். உள்ளே, சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர் நீட்டி நிற்பது கறுப்பு அலையாத்தி, நம் வெண்கண்டலின் நெருங்கிய சொந்தம். இகுவானாவுக்கு உயிர்நாடி இந்தக் கறுப்பு அலையாத்திதான். வயதான மரங்களின் நடுத்தண்டு உளுத்துப் பொந்தாகிறது. இரவில், மழையில், ஆபத்தில் இகுவானா அந்தப் பொந்துக்குள் போய்விடும்.

பெரியவர் ஒரு மரத்தின் முன் படகை நிறுத்தி, துடுப்பால் ஒரு பொந்தைக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்ததும் தெரிந்தது: உள்ளே வளையம் வளையமாக முள் அடுக்கிய ஒரு வால். தலையை உள்ளே வைத்து, வாலை வாசலில் நிறுத்தியிருந்தது. வாலின் ஒவ்வொரு வளையத்திலும் பெரிய செதில்கள் கூராகப் பின்னோக்கி நிற்கின்றன. எது பின்னால் வந்தாலும் முதலில் சந்திப்பது இந்த முள்ளைத்தான். “கையை விட்டால் கிழித்துவிடும், உடம்பை ஊதிக்கொண்டு பொந்துக்குள் இறுகிவிடும், இழுக்கவே முடியாது” என்றார். அப்படியானால் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். “மரத்தை வெட்டுவோம்” என்றார்.

அந்தப் பதிலை யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு விலங்கைப் பிடிக்க ஒரு பொந்துமரம் போகிறது. இளமரத்தில் பொந்து கிடையாது. அடுத்த பொந்து உண்டாக எத்தனையோ வருஷம் ஆகும். மரம் திரும்ப நட்டோம் என்று கணக்குக் காட்டலாம், வீடு திரும்ப வராது.

இன்னும் உள்ளே ஒரு வளைவில், தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையில் ஒரு ஆண். தலையிலிருந்து வால் நுனி வரை முக்கால் மீட்டர் இருக்கும். காலைக் குளிரில் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. வெயில் இலை இடுக்கில் இறங்கி அதன் முதுகுக்கு வர, நாங்கள் படகை வேரில் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அதன் நிறம் வெளுத்தது. முதலில் விலா, அப்புறம் தொடை, கடைசியில் கழுத்து. சாம்பலில் நீலம் கலந்த ஒரு வெளிர்நிறம் வந்தது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது கறுப்பு நிறம் வெயிலை அதிகம் வாங்கும், சூடேறியதும் வெளிர்நிறம் போதும். ஊர்வனவற்றில் பலவற்றுக்கு இந்த வித்தை உண்டு, ஆனால் கண் முன்னே நடப்பதைப் பார்ப்பது வேறு.

பெரியவர் ஒரு கறுப்பு அலையாத்தி இலையைப் பறித்துக் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு! இந்த மரம் வேர் இழுத்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது, இலையின் மேல் பொடியாகப் படிகிறது. இகுவானா இந்த இலையையும் பூவையும் தின்கிறது, சேற்றில் திரியும், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டையும் பிடித்துத் தின்கிறது. இவ்வளவு உப்பையும் அது என்ன செய்யும்? இகுவானாக்களின் மூக்கில் உப்புச் சுரப்பி இருக்கிறது. இரத்தத்தில் மிஞ்சும் உப்பை அது பிரித்தெடுத்து மூக்குத் துளைக்கு அனுப்புகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆண், தலையைச் சட்டென்று ஆட்டி ஒரு தும்மல் போட்டது. அதன் மூக்கோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததைத் தொலைநோக்கியில் தெளிவாகப் பார்த்தேன். மரத்துக்கும் அதில் குடியிருக்கும் விலங்குக்கும் ஒரே தொல்லை, இரண்டும் ஒரே மாதிரி வழி கண்டுபிடித்திருக்கின்றன.

உவர்நீர்ச் சதுப்பையே முழுநேர வீடாக வைத்திருக்கும் இகுவானா இது ஒன்றுதான். மேட்டில் பெரிய கறுப்பன் இருப்பதால், அதோடு போட்டி போட முடியாமல் இந்தச் சின்ன இனம் சதுப்புக்குள் ஒதுங்கியது என்று சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும் ஒதுங்கிய இடத்தில் அழகாகப் பிழைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

புதன்

காலையில் மழை. மணல் ஈ கடித்துக் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள் என்று வீட்டுக்கார அம்மா ஒரு பாட்டில் கொடுத்தார். ஈ தோலில் உட்கார்ந்தால் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், கடிக்க முடியாது. பலன் இருக்கிறது.

மதியம் இகுவானா ஆய்வு நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1990களில் ஜெர்மனியின் சென்கன்பெர்க் இயற்கை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஃபிராங்க்ஃபர்ட் விலங்கியல் சங்கமும் சேர்ந்துதான் இந்த இகுவானாவுக்கான பாதுகாப்புத் திட்டத்தை உட்டிலாவில் தொடங்கினார்கள். குந்தர் கோலர் என்ற ஊர்வன ஆய்வாளரின் பெயரை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இதே அலையாத்திக் காட்டில் வாழும் ஒரு சின்ன மரப்பல்லியை, அனோலிஸ் உட்டிலென்சிஸ், 1996இல் உலகுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. அதுவும் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியது.

நிலையத்தின் வேலை இப்படி: முட்டையிடும் பருவத்தில் சினை இகுவானாக்களைப் பிடித்துவந்து, மணல் நிரப்பிய கூண்டில் முட்டையிட விட்டு, தாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். முட்டையை 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வைத்தால் ஏறக்குறைய 85 நாளில் குஞ்சு வரும். கொஞ்சம் வளர்ந்ததும் காட்டில் விடுகிறார்கள். ஒரு பெண் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும்.

காட்டில் பிடிப்பது நீளக் கழியின் நுனியில் சுருக்குக் கண்ணி கட்டித்தான். பிடித்ததும் மூக்கு நுனியிலிருந்து மலவாய் வரை அளந்து, எடை பார்த்து, தோலுக்கடியில் அரிசி அளவு சிப் ஒன்றை ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் அதே விலங்கு கிடைத்தால் அடையாளம் தெரியும். வாலில்லாத, பாதி வால் முளைத்த விலங்குகள் பல. ஆபத்தில் வாலைக் கழற்றிவிட்டு ஓடும், பிறகு வளர்வது பழைய முள்வால் மாதிரி அழகாக இருக்காது.

வியாழன், வடகரை

இங்கே வந்தது முதல் காத்திருந்தது இதற்காகத்தான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அலையாத்திச் சேற்றில் முட்டை பிழைக்காது. ஓதம் ஏறினால் தண்ணீர் புகும், சேற்றில் காற்றோட்டம் இல்லை, நிழலில் சூடும் பற்றாது. முட்டைக்கு வெயில் படும் காய்ந்த மணல் வேண்டும். அதனால் சினைப் பெண், வருஷம் முழுக்க வாழ்ந்த காட்டை விட்டு இறங்கி, தரை வழியே கடற்கரைக்கு நடக்கிறது. மார்ச் நடுவில் தொடங்கி ஜூன் வரை இந்த நடை. முட்டையிட்டதும் திரும்பவும் காட்டுக்கு. குஞ்சு பொரித்ததும் அதே வழியைத் தாய் இல்லாமல் தனியாக நடந்து காட்டைச் சேர வேண்டும். வழியில் பருந்து, மைனா அளவைவிடப் பெரிய கிராக்கிள் பறவை, பாம்பு, வீட்டு நாய், பூனை எல்லாம் உண்டு.

ஆக, இந்த விலங்குக்குக் காடு ஒன்று போதாது. காடு, கடற்கரை, இரண்டுக்கும் நடுவே போகும் வழி, மூன்றும் வேண்டும். காட்டைக் காப்பாற்றிவிட்டுக் கடற்கரையை விற்றுவிட்டால் மிஞ்சுவது முட்டையிட இடமில்லாத கிழட்டு இகுவானாக்கள். உட்டிலாவில் எந்த நிலத்துக்கு அதிக விலை? கடலைப் பார்த்த மணல் நிலத்துக்கு.

காலை ஒன்பது மணி போல வடகரையின் ஒரு மணல்திட்டில், நிலையத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு புதர் மறைவில் உட்கார்ந்தேன். காய்ந்த கடற்புல் குவியலுக்கு அப்பால் மணல் தெறித்தது. நின்றது. மறுபடி தெறித்தது. ஒரு பெண் இகுவானா, ஆணைவிடச் சிறியது, வயிறு பருத்துத் தொங்குகிறது. முன்காலால் வறண்டி, பின்காலால் தள்ளி, உள்ளே போகிறது. கொஞ்ச நேரத்தில் வால் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பிறகு தலை வெளியே வந்து, மணல் பூசிய முகத்தோடு அங்கும் இங்கும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

ஒரு கட்டத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து, வேறு இடத்தில் தொடங்கியது. ஏன் என்று பார்த்தால் முதல் குழியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கேன் குறுக்கே கிடந்தது. கூட இருந்த பெண், “தினமும் பார்க்கிறோம். மேலே கிடப்பதை எடுத்துவிடலாம், மணலுக்குள் புதைந்ததை எப்படி எடுப்பது?” என்றார்.

அந்தக் கரை முழுக்கக் குப்பை. பாட்டில், செருப்பு, ஊசிமருந்துக் குழாய், டூத் பிரஷ். தீவுக்காரர்கள் போட்டதும் இருக்கும்தான், ஆனால் கடல் கொண்டுவந்து தள்ளுவது மிக அதிகம். குவாத்தமாலாவில் ஓடி வரும் மோட்டாகுவா ஆறு மழைக்காலத்தில் அந்நாட்டுக் குப்பையை அள்ளி இந்தக் கடலில்தான் கொட்டுகிறது. அதே மோட்டாகுவாவின் வறண்ட பள்ளத்தாக்கில் டீனோசாரா பலேயாரிஸ் என்ற இன்னொரு முள்வால் இகுவானா, இதன் சொந்தக்கார இனம், கள்ளிக்காட்டில் பிழைத்துக்கிடக்கிறது. ஒரே ஆறு ஒரு தங்கையின் வீட்டோரம் ஓடி, இன்னொரு தங்கையின் பிரசவ அறையில் குப்பையைப் போடுகிறது.

இரண்டாவது குழி சரியாக அமைந்தது. வெகுநேரம் உள்ளேயே இருந்தது. வெளியே வந்தபோது விலாவில் தோல் மடிந்து தொங்கியது, வயிறு காலி. அவ்வளவு களைப்பிலும் உடனே போகவில்லை. மணலை உள்ளே தள்ளி மூடி, மேலே நடந்து, காய்ந்த புல்லைக்கூட இழுத்துக் கலைத்துப் போட்டது. வேலை முடிந்தபோது எந்த இடம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிலையப் பெண் அதற்குள் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டார். ஜூலையில் பொரிக்கும் சமயம் பார்த்து வந்து, கூடு பிழைத்ததா என்று பார்ப்பார்களாம்.

கரையோரமாக நடந்து திரும்பும்போது தென்னைமரத்தில் ஆணி அடித்து மாட்டிய விற்பனைப் பலகை ஒன்றைப் பார்த்தேன். கடலோர மனை, மின்சாரம் வரப்போகிறது என்று எழுதியிருந்தது. மனைக்குப் பின்னாலேயே அலையாத்திக் காடு. சுவர் எழுப்பினால் பெண்கள் எந்த வழியாக வரும்? மனம் மிகவும் சங்கடப்பட்டது.

வெள்ளி, பிஜன் கே

தீவின் தென்மேற்கே ஒட்டிக்கிடக்கும் சின்னத் திட்டுகளில் ஒன்று இது. சின்னப் பாலம் ஒன்று பக்கத்துத் திட்டோடு இணைக்கிறது. கார் கிடையாது. மீன்பிடிப்புதான் தொழில். மதியத்துக்கு வறுத்த மீன், தேங்காய்ப்பாலில் வெந்த சோறு.

அடுத்த வாரம் புனித வாரம். பேச்சு தானாகவே இகுவானாக் கறிக்கு வந்தது. மத்திய அமெரிக்காவில் பல இடங்களில் புனித வாரத்தில் இறைச்சி விலக்கும்போது இகுவானா தட்டுக்கு வரும், முட்டையோடு இருக்கும் பெண்ணுக்கு மவுசு அதிகம். சட்டப்படி வேட்டை தடை. 2010இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனத்தையும், ரோட்டான், மோட்டாகுவா, அகுவான் பள்ளத்தாக்கு இனங்களையும் சேர்த்தார்கள். ஆனால் சினைப் பெண் கடற்கரைக்கு நடக்கும் மாதமும் புனித வாரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. பொந்துக்குள் இருக்கும் விலங்கைப் பிடிக்கப் பாடுபட வேண்டும், மணலில் நடக்கும் பெண்ணை ஒரு நாயே பிடித்துவிடும்.

ஒரு மீனவர் வெளிப்படையாகவே சொன்னார்: “ஹைலேண்டர் குப்பை தின்னும், அது ருசிக்காது. ஸ்வாம்பர் இலை தின்னும், நண்டு தின்னும், சுத்தமான கறி.” சொல்லும்போது அவருக்குச் சங்கடமும் இல்லை, பெருமையும் இல்லை. தாத்தா தின்றதை அவரும் தின்கிறார். மீன் குறைந்த நாளில் வீட்டில் கறி வேண்டும். நம் ஊரில் உடும்பைப் பிடிப்பவரிடம் சட்டம் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சின் கனம் புரியும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வேட்டைக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேச முடியும், அந்தக் கால்வாய்ப் பெரியவர் மாதிரி அவரும் ஒருநாள் மாறலாம். கான்கிரீட் சுவரோடு பேச முடியாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. காடு சுருங்கி இடங்கள் கலையும்போது கறுப்பனும் ஸ்வாம்பரும் எதிரெதிரே வருகின்றன. இரண்டும் கலந்து பிறந்த விலங்குகள் இருப்பதை மரபணுச் சோதனை உறுதி செய்திருக்கிறது. எண்ணிக்கையில் குறைந்த இனத்துக்குத்தான் அதில் நஷ்டம்.

சாயங்காலம் திரும்பும்போது ஒரு பள்ளிப் பையன் படகில் என் கேமராவில் இருந்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். வியாழக்கிழமைப் பெண்ணின் படம் வந்ததும், “இது எங்கள் தீவில் மட்டும்தான் இருக்கிறது, தெரியுமா?” என்று என்னிடம் கேட்டான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சனி, படகுத்துறை

படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை.

ஸ்வாம்பரைப் பார்க்க வெயில் ஏறும் காலை நேரம் நல்லது, மழைநாளில் பொந்தை விட்டு வராது. கால்வாயில் மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு போதும், சத்தத்துக்கு மறைந்துவிடும். உள்ளூர் வழிகாட்டிக்குக் காசு கொடுத்துப் போங்கள், அந்தக் காசு உயிரோடிருக்கும் இகுவானாவால் வருகிறது என்று அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் தெரியும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மேட்டு மணலில் நடக்காதீர்கள், ஈரமணலில், தண்ணீரை ஒட்டியே நடங்கள். கூடு எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. நாயைக் கரைக்குக் கூட்டிப்போகவே கூடாது. தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது அது சதுப்பை நிரப்பிக் கட்டியதா என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கடையில் இகுவானா சூப் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீன் கேளுங்கள், மீன் அருமையாக இருக்கும்.

தேங்காய் எண்ணெயை மறக்காதீர்கள். நாளை ரோட்டான் போகிறேன், அங்கே இருக்கும் இனத்தைப் பற்றிப் பார்த்தபின் எழுதுகிறேன்.